கூரை ஏசி யூனிட் பொருத்தும் உறுப்பினர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். கட்டடக் கூரையில் வைக்கும் பெரிய யூனிட்டுகளில் தண்ணீர் உள்ளே ஒழுகுகிறது என்ற கேள்வி குழுவில் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் டிரெயின் குழாயின் டிராப்பை (தண்ணீர் நின்று காற்றை அடைக்கும் U வடிவ வளைவு) பாருங்கள். பெரும்பாலான யூனிட்டுகளில் ஃபேன், காயிலுக்கு (காற்றைக் குளிரவைக்கும் குழாய்த் தொகுப்பு) பின்னால் இருந்து காற்றை இழுக்கிறது. அதனால் டிரெயின் தட்டு இருக்கும் பகுதியில் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. டிராப் இல்லாவிட்டால், அல்லது ஆழம் போதாவிட்டால், குழாய் வழியே காற்று உள்ளே ஏறும். தண்ணீர் இறங்காமல் தட்டிலேயே தேங்கி வழியும். யூனிட் உட்காரும் சட்டம் மட்டமாக இல்லாவிட்டாலும் இதே தொல்லைதான். கிரேன் வருவதற்கு முன்பே மட்டம் பார்த்துவிடுங்கள், அப்புறம் தூக்கிச் சரிசெய்வது பெரும் வேலை.

மூன்று ஃபேஸ் இணைப்பில் வரிசை மாறினால் ஸ்க்ரோல் கம்ப்ரஸர் (குளிரூட்டும் கேஸை அழுத்தும் சுருள் வகை இயந்திரம்) தலைகீழாகச் சுற்றும். சத்தம் கூடும், கேஸ் உள்ளே வரும் பக்கம், வெளியே போகும் பக்கம் என இரண்டு கேஜிலும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். உடனே நிறுத்தி, மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே வரும் ஒயர்களில் இரண்டை மட்டும் மாற்றுங்கள். ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். கிரேங்க்கேஸ் ஹீட்டர் (கம்ப்ரஸர் எண்ணெயைச் சூடாக வைப்பது) உள்ள யூனிட்டுக்கு, முதல் ஓட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பே மின்சாரம் கொடுத்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் எண்ணெயில் கலந்திருக்கும் குளிரூட்டும் கேஸ், கம்ப்ரஸர் கிளம்பும்போது நுரைத்து, பேரிங்கைக் கெடுக்கும்.

சூடாக்குவதற்கு எரிவாயு பர்னர் உள்ள யூனிட் என்றால், புகைபோக்கி வாய்க்கும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வாய்க்கும் நடுவே மேனுவல் சொல்லும் இடைவெளி கட்டாயம். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம், உள்ளே இருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது.

சந்தேகம் கேட்பவர்கள் மாடல் பிளேட் படத்தையும் இரண்டு அழுத்த அளவுகளையும் சேர்த்து அனுப்புங்கள்.