பேத்தி பிறந்த பின் மகனுக்கு எழுதிய கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பும் செய்தி தினமும் காலையில் தவறாமல் வந்துவிடுகிறது. எடை 1,060 கிராம், பால் ஒரு தடவைக்கு 3 மில்லி, ஆக்சிஜன் 25 சதவீதம், இரவில் இரண்டு முறை மூச்சு நின்று திரும்பியது என்று நீ எழுதுவதையெல்லாம் ஒரு டைரியில் தேதிவாரியாகக் குறித்து வைக்கிறேன். அம்மா அதை வாங்கித் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். பிறந்தபோது இருந்த எடைகூட இல்லையே என்று முதலில் மிகவும் கலங்கிவிட்டாள். எந்தப் பிள்ளைக்கும் முதல் வாரத்தில் உடம்பு நீர் வற்றி எடை இறங்கும், குறைமாதப் பிள்ளைக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும், இரண்டு வாரத்தையொட்டிப் பழைய எடைக்கு வந்துவிடும் என்று அத்தை வந்து சொன்ன பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

அன்று இரவு நீ செய்த காரியத்தை அத்தை போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருபத்தொன்பதாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்தவுடன், பக்கத்தில் இருந்த சிறிய நர்சிங் ஹோமிலேயே பிரசவம் ஆகட்டும் என்று இருந்துவிடாமல், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு மருமகளை அழைத்துப் போனாயே, அதுதான் முதல் சிகிச்சை என்கிறாள். பிறந்த பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஓடுவதைவிடத் தாயின் வயிற்றில் வைத்தே கொண்டுபோய்ச் சேர்ப்பது எத்தனையோ மடங்கு நல்லது என்பது அவள் மருத்துவமனைப் பணியில் கண்டறிந்தது. அதனால்தான் பிரசவத்துக்கு முன்பே மருமகளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட நேரம் கிடைத்தது. பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிர அந்த ஊசி உதவும் என்பதை நியூசிலாந்து மருத்துவர்கள் 1972-லேயே காட்டிவிட்டார்களாம். நீ பதறாமல் நின்றதை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்பதை நேரில் என்னால் சொல்ல முடியாது, எழுத்தில் சொல்கிறேன்.

ஆனால் தம்பி, இத்தனை விவரம் எழுதும் நீ, பிள்ளை யார் சாயல், கை விரல் எப்படி இருக்கிறது, கண்ணைத் திறந்து பார்க்கிறாளா என்று ஒரு வரி எழுதவில்லை. அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது போல இருக்கிறது என்று அம்மா வருத்தப்பட்டாள். அவளுக்கு நான் சமாதானம் சொன்னேன். நேற்று சம்பந்தி அம்மா பேசியபோதுதான், மூன்று நாளைக்கு முன்பே டாக்டர் பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்துவிட்டார் என்றும், சிஸ்டர் உன்னையும் கூப்பிட்டபோது “அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு பில் கட்ட வேண்டியிருக்கிறது” என்று சொல்லி நீ வெளியே போய்விட்டாய் என்றும் தெரிந்தது. அவர் குறையாகச் சொல்லவில்லை. உன் முகம் சரியில்லை என்று கவலைப்பட்டுத்தான் சொன்னார். போனில் இதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ எதை நினைத்து ஒதுங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆடி மாதத்தில் அந்த ஒரு நாள் அம்மா யாரோடும் பேசமாட்டாள் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. உனக்கு மூத்தவளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. சொல்லாமலே உனக்குள் போய்விட்டது. ஆனால் அவள் பிறந்தது 1986. அவளும் ஏறத்தாழ இதே கர்ப்ப மாதத்தில்தான் பிறந்தாள், மூச்சு இழுக்க முடியாமல்தான் போனாள். நாங்கள் போன இடத்தில் அன்று பல்பு வைத்துச் சூடேற்றிய கண்ணாடிப் பெட்டியும் ஆக்சிஜனும் தவிர வேறொன்றும் இல்லை. குறைமாதப் பிள்ளையின் நுரையீரலில் காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதிய அளவு ஊறியிருக்காது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாக, இரண்டு கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்தான். அவனும் இதே காரணத்தால் முழுதாக இரண்டு நாள்கூட இருக்கவில்லை. அந்தப் பொருளை மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் 1980-ல் காட்டினார். சர்ஃபாக்டன்ட் என்ற அந்த வகை மருந்தைத்தான் நம் பேத்திக்கு முதல் நாளே குழாய் வழியாகச் செலுத்தியிருக்கிறார்கள். மூத்தவளுக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைத்திருக்கிறது. அவளுடைய கணக்கை இவள் தலையில் எழுதாதே.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, நல்லபடியாக வீட்டுக்கு வரட்டும் என்கிறாயாம். அவள் காலில் கட்டியிருக்கும் பட்டையில் மருமகள் பெயரை எழுதி, ‘பேபி ஆஃப்’ என்று முன்னால் போட்டிருப்பதைச் சம்பந்தி அம்மா படம் எடுத்து அனுப்பினார். என் கட்டைவிரலைவிடச் சற்றே பெரிய பாதம், அதில் இரண்டு சுற்று சுற்றிய பட்டை. நீங்கள் இருவரும் ஒரு பெயரை முடிவு செய்து அவளைக் கூப்பிடுங்கள். இந்த மாதத்துப் பிள்ளைக்குக் காது கேட்கும். வயிற்றில் இருந்தபோதே உன் குரலைக் கேட்டிருக்கிறாள். ஊரைக் கூட்டிப் பெயர் சூட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நெஞ்சோடு வைப்பதை ஏதோ ஆறுதலுக்காகச் செய்யச் சொல்கிறார்கள் என்று எண்ணிவிடாதே. கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் பல பிள்ளைகளைப் படுக்கவைத்து, நோய்த்தொற்றில் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையில், 1978-ல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. உலக சுகாதார நிறுவனம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளில், நிலைமை சீராகும்வரை காத்திராமல் உடனே நெஞ்சோடு வைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 12 பேர். சீரான பிறகு வைக்கப்பட்டவர்களில் 15.7 பேர். அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். தாயால் முடியாத நேரத்தில் தந்தையோ பாட்டியோ வைத்துக்கொள்ளலாம். மருமகளுக்கு ஆபரேஷன் தையல் இன்னும் ஆறவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளால் சாய்ந்து உட்கார முடியாது. அவள் எழுந்திருக்கும்போது பிள்ளை பெட்டிக்குத் திரும்பக் கூடாது, உன் நெஞ்சுக்கு வர வேண்டும்.

அத்தை சொல்லச் சொன்னவை: குளித்துவிட்டு, பவுடரோ சென்ட்டோ போடாமல் போ. நகத்தை வெட்டு. மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்று. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொள். பிள்ளையைக் குல்லா, காலுறை, நாப்கினோடு மட்டும் உன் வெற்று மார்பில் நிமிர்த்தி வைப்பார்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், கழுத்து முன்பக்கம் மடங்கிவிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார். எடுத்து எடுத்து வைத்தால் பிள்ளைக்கு அலுப்பு. மானிட்டர் கத்தினால் திரையைப் பார்க்காதே. முதலில் பிள்ளையின் நிறத்தையும் மார்பு ஏறி இறங்குவதையும் பார். மூச்சு விட மறந்துபோவது இந்த மாதத்துப் பிள்ளைகளின் இயல்பு, அதற்குத்தான் காஃபீன் மருந்து கொடுக்கிறார்கள். சிஸ்டர் உள்ளங்காலை லேசாகத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும், நாள் ஆக ஆக இது குறையும். நீ பிடித்திருந்ததால் நின்றது என்று நினைத்துவிடாதே. இதைத்தான் அத்தை மூன்று முறை அழுத்திச் சொன்னாள், நானும் சொல்கிறேன்: நீ தொடுவதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது.

மருமகளிடம் இன்று எத்தனை மில்லி பால் வந்தது என்று கேட்காதே. சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தாலும் போதும், இவளுக்குத் தேவைப்படுவதும் அவ்வளவுதான். இரவிலும் ஒரு தடவை எழுந்து பீய்ச்சினால்தான் பால் ஊறும். அப்போது நீயும் எழுந்து அவள் பக்கத்தில் இரு. குழாயிலிருந்து பாலாடைக்கு மாற இன்னும் சில வாரங்கள் ஆகும். உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்று சேர்ந்து வர முப்பத்து நான்கு வாரம் நெருங்க வேண்டும். நம் வீட்டு வெள்ளிப் பாலாடையை அம்மா புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறாள். அங்கே அவர்கள் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த தங்கள் பாலாடையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஒரு மாதம் ஆவதற்குள் கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். அவர்களாகவே செய்வார்கள், என்றாலும் நீ தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு மறு பரிசோதனைக்கு வரச் சொன்னால் ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. குறைமாதப் பிள்ளைக்கு வரும் விழித்திரை நோய் வெளியே தெரியாமல் முற்றிவிடும் என்று அத்தை பயப்படுகிறாள்.

பணத்தைப் பற்றி நீ என்னிடம் பேச வேண்டாம். வங்கியில் இருந்த வைப்புத்தொகையை முறித்து உன் கணக்கில் போட்டிருக்கிறேன். பில் கட்டக் கவுன்ட்டரில் நிற்க உன் மைத்துனன் இருக்கிறான், அவனிடம் விடு. அவன் செய்ய முடியாத வேலை உள்ளே இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், சட்டைப் பொத்தானைத் திறந்து உட்கார். பயமாக இருந்தால் பயத்தோடே உட்கார்.

வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும்; வெளியே இருந்துகொள்கிறோம், மருமகளுக்குப் பத்தியச் சமையலை அம்மா பார்த்துக்கொள்வாள். நீ எழும்பூருக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவோம். சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு நேராகப் பிள்ளையிடம் போ. நாளைய செய்தியில் எடைக்குக் கீழே, எவ்வளவு நேரம் வைத்திருந்தாய் என்பதையும் எழுது. டைரியில் அதற்கு ஒரு பத்தி போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா