அம்மாவின் அறைக்கு வந்து சேராத படம்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூடத்தில் ஒரு தொலைக்காட்சியும் படுக்கையறையில் இன்னொன்றும் வைத்திருக்கும் கேபிள் சந்தாதாரன் நான். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் தாயாருக்கு 81 வயது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு கூடத்துக்கு வந்து உட்கார அவரால் முடியவில்லை என்பதால், அவருடைய கட்டிலுக்கு எதிரே 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை மாட்டி, அதற்கெனத் தனி செட்டாப் பாக்ஸும் தனி இணைப்பும் வாங்கினோம். அதற்கான பணத்தை மாதம் தவறாமல் கட்டியும் வருகிறோம். ஆனால் ஒரே கம்பியில் ஒரே வீட்டுக்குள் நுழையும் படம் கூடத்தில் ஒரு மாதிரியும் அம்மாவின் அறையில் வேறு மாதிரியும் இருந்தது. இரண்டாம் இணைப்புக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதைப் பற்றித் தங்கள் ஆணையம் பேசியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு அங்கே எப்படிப்பட்ட படம் வந்து சேர வேண்டும் என்பதையும் அளந்து சொல்ல வைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பக்திப் பாடல் போடும் சேனல் அந்த அறையில் குறையின்றி வரும். அம்மா விரும்பிப் பார்க்கும் தொடர் வரும் சேனலுக்கு மாற்றினால், பேசிக்கொண்டிருக்கும் முகம் பாதியில் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். சில நேரம் திரையே கறுத்து, சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு வந்து நிற்கும். புகார் செய்தோம். முதலில் வந்த இளைஞர், "டிவி பழசு சார்" என்றார். அது வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத தொலைக்காட்சி. இரண்டாவதாக வந்தவர், அந்தச் சேனலே அப்படித்தான் என்றார்; அதே நொடியில் அதே சேனல் கூடத்தில் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை பாக்ஸை மாற்றிக் கொடுத்தார்கள். புதிய பாக்ஸிலும் படம் அதே இடத்தில் அதே போல உடைந்தது. மூன்று முறையும் எவர் கையிலும் சிக்னலை அளக்கும் மீட்டர் இல்லை.

நான்காவதாக வந்தவர் கொஞ்சம் வயதானவர். பேச்சுக்கு முன்பே பையிலிருந்து மீட்டரை எடுத்தார். பாக்ஸின் பின்னாலிருந்து கனெக்டரைக் கழற்றி மீட்டரில் செருகியதும் 43 என்று காட்டியது. கூடத்தில் அதே சோதனையைச் செய்தபோது 56. "பதிமூணு டெசிபெல் குறையுது சார், வழியில ஏதோ குடிக்குது" என்று சொல்லிவிட்டு ஏணி கேட்டார். கம்பியைத் தொட்டுத் தொட்டுப் போனவர் பின்பக்கச் சன்ஷேடுக்குக் கீழே நின்றார். அங்கே, ஒரு கம்பியை நாலாகப் பிரிக்க, பழைய அனலாக் காலத்தில் வைத்த நாலு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நான்கு வாய்களில் இரண்டு திறந்து கிடந்தன. மூன்றாவதிலிருந்து போன கம்பி, எப்போதோ இடித்துவிட்ட பின்கட்டு அறையின் சுவரோடு முடிந்துபோயிருந்தது. நான்காவதுதான் அம்மாவின் அறைக்கு. அந்தக் கம்பியும் முழுசாக இல்லை. நடுவில் இரண்டு துண்டை முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

டெசிபெல் கணக்கு பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும், விளைவில் பெரியது. மூன்று குறைந்தால் சிக்னலின் திறன் பாதியாகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது, பதின்மூன்று குறைந்தால் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. நாலு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று, மற்ற மூன்று வாய்களும் சும்மா கிடந்தாலும், ஒவ்வொரு வாயிலும் ஏறக்குறைய ஏழு டெசிபெல்லைக் குறைத்தே கொடுக்கும். அங்கிருந்து அறைவரை ஓடும் 18 மீட்டர் ஆர்ஜி-6 கம்பி, மேல் அதிர்வெண்களில் சுமார் மூன்றைத் தின்னும். மிச்சம் மூன்று அந்தத் துருவிலும் டேப் ஜாயின்டிலும் போயிருக்க வேண்டும். அதிர்வெண் ஏற ஏறக் கம்பியில் இழப்பும் ஏறும் என்பதால், மேல் அதிர்வெண்ணில் வரும் சேனல்கள் முதலில் உடைகின்றன. கீழ் அதிர்வெண்ணில் வருபவை தப்பிக்கின்றன. பக்திப் பாடல் வந்து தொடர் வராமல் போனதற்கும், "அந்தச் சேனலே அப்படித்தான்" என்று ஒருவர் மனமறிந்து பொய் சொல்லாமலே தவறாகச் சொன்னதற்கும் இதுதான் காரணம். ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு, நடுவில் ஜாயின்ட் இல்லாத ஒரே கம்பியாக இழுத்து, இரண்டு முனையிலும் புதுக் கனெக்டர் போட்டார் பெரியவர். மீட்டர் 53 காட்டியது. அன்று மாலை தொடர் உடையாமல் ஓடியது. செலவு இருபது மீட்டர் கம்பியும் இரண்டு கனெக்டரும்.

இது எங்கள் வீட்டின் தனிக் கதையாக இருந்தால் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். 2011இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, 2012இல் பெருநகரங்களில் தொடங்கி 2017 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டபோது, பல வீடுகளில் மாறியது பாக்ஸ் மட்டும்தான். சுவரிலும் பரணிலும் ஓடிய கம்பியும் ஸ்ப்ளிட்டரும் அனலாக் காலத்தவையே. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் திரையில் ஈ மொய்த்தது போலப் புள்ளிகள் தெரியும், நிழலுருவம் விழும், ஆனாலும் கதை புரியும், ஆகவே பொறுத்துக்கொண்டோம். ஒரு கம்பியை நாலாகப் பிரித்து நாலு அறையில் பார்த்த காலம் அது. டிஜிட்டலில் அந்தப் படிப்படியான தேய்வு இல்லை. ஓர் எல்லைவரை படம் முழுசாக இருக்கும், எல்லையைத் தாண்டி ஒரு படி இறங்கினால் உடைந்துவிடும். முதல் தொலைக்காட்சி அந்த எல்லைக்கு மேலே நிற்கிறது. வழியில் கூடுதலாக இழந்துவிட்டு வரும் இரண்டாவது, விளிம்பில் நிற்கிறது. மழைத் தண்ணீர் ஒரு ஜாயின்டில் இறங்கினால் போதும். இந்த நிலையில் சிலர் அறைக்குள் பூஸ்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார்கள். குறைந்து வந்த சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். பூஸ்டர் தேவைப்பட்டால் பிரிவதற்கு முன்னால் வைக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை.

கம்பி சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். படம் உடையவில்லை, ஆனால் மங்கலாக இருந்தது. அம்மா ஒருநாள், "கீழே ஓடுற எழுத்து ஒண்ணும் புரியலப்பா, கண்ணாடிய மாத்தணும் போல" என்றார். கண்ணாடியில் குறை இல்லை. கூடத்தில் எச்.டி பாக்ஸ், எச்.டி.எம்.ஐ கம்பியில் இணைத்திருந்தார்கள். அறையில் கொடுத்தது எஸ்.டி பாக்ஸ், அதையும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனையுள்ள ஏ.வி கம்பியில் இணைத்திருந்தார்கள். எஸ்.டி படத்தில் 720×576 புள்ளிகள், அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். எச்.டியில் 1920×1080, இருபது லட்சத்துக்கும் மேல். போதாக்குறைக்கு, அந்த மஞ்சள் கம்பி ஒளியையும் நிறத்தையும் ஒரே வழியில் கலந்து அனுப்புகிறது. தொலைக்காட்சி அதைத் திரும்பப் பிரிக்கும்போது எழுத்தின் ஓரங்களில் புள்ளிகள் ஊர்கின்றன. இதில் தமிழ் எழுத்துக்கு வரும் பாடு தனி. ஆங்கில எழுத்துக்கு நேர்கோடுகள் அதிகம், எப்படியோ படித்துவிடலாம். நம் ‘ன’வும் ‘ண’வும் சுழியை வைத்து வேறுபடுகின்றவை; சுழி அடைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டு. செய்தியின் அடியில் ஓடும் வரியை என் தாயார் ஆறு மாதமாகத் திட்டுத் திட்டாகப் பார்த்திருக்கிறார்.

எங்கள் பங்குக்கும் தவறு உண்டு. 4:3 வடிவத்தில் வரும் பழைய நிகழ்ச்சிகளை அகலத்திரைக்கு இழுத்துவிட்டு எல்லோரையும் குண்டாக்கியது நாங்கள்தான். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த ‘விவிட்’ அமைப்பை இருட்டறையில் அப்படியே விட்டுவைத்ததும் நாங்கள்தான். ரிமோட்டில் இரண்டு நிமிட வேலை. ஆனால் அறைக்குப் போவது எஸ்.டி பாக்ஸ் என்பதை இணைப்புக் கொடுத்த அன்று எவரும் சொல்லவில்லை. ரசீதிலும் ‘கூடுதல் பாக்ஸ்’ என்றுதான் இருக்கிறது.

டி.டி.எச் பக்கம் போனால் இந்தத் தொல்லை தீரும் என்பவர்களுக்கு என் தங்கை வீட்டு அனுபவத்தைச் சொல்வேன். அங்கே ஒரே டிஷ்ஷிலிருந்து வந்த கம்பியைச் சாதாரண ஸ்ப்ளிட்டரில் பிரித்து இரண்டு பாக்ஸுக்குக் கொடுத்திருந்தார்கள். கூடத்தில் ஒரு சேனல் வைத்தால் அறையில் பாதிச் சேனல்கள் காணாமல் போகும். செட்டாப் பாக்ஸ், கம்பி வழியே 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எந்தத் திசையில் அதிரும் அலையை எடுக்க வேண்டும் என்று, டிஷ்ஷில் அலையை வாங்கும் பகுதியான எல்.என்.பிக்குச் சொல்கிறது, ஒரு எல்.என்.பியை இரண்டு பாக்ஸ்கள் இரண்டு பக்கம் இழுத்தால் அது யார் பேச்சைக் கேட்கும்? இரட்டை வெளியீடு உள்ள எல்.என்.பி போட்டு, இரண்டு தனிக் கம்பி இறக்கிய பிறகே சரியானது.

இனி விதிக்கு வருகிறேன். 2017 மார்ச்சில் வெளியான தங்கள் கட்டண ஆணை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2020 ஜனவரித் திருத்தத்தில், ஒரே வீட்டின் இரண்டாவது, மூன்றாவது தொலைக்காட்சிக்கு, முதல் இணைப்பின் நெட்வொர்க் கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்றீர்கள். முதல் இணைப்புக்கு 130 ரூபாய் என்றால் அது 52 ரூபாய். அந்த வரம்பு என் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதற்கு நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்தின் உச்சவரம்பையே நீக்கிவிட்டு, சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டீர்கள். அதுவும் தங்கள் முடிவு. ஆனால் விலையைச் சந்தையிடம் விடும்போது, பொருளின் தரத்தை வாங்குபவர் கண்ணில் காட்டும் பொறுப்பு கூடுகிறது அல்லவா? எடை போடாமல் காய்கறி வாங்கச் சொல்ல முடியாது.

ஆகவே நான் கேட்பது முதலாவதாக அந்த எடையைத்தான். இணைப்புக் கொடுக்கும் நாளிலும், படம் உடைவதாகப் புகார் வரும் நாளிலும், ஒவ்வொரு தொலைக்காட்சியின் முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்து, சிக்னல் அளவையும் அதன் தெளிவைக் காட்டும் எண்ணையும் சந்தாதாரரின் சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று சேவைத் தர ஒழுங்குமுறையில் சேர்க்க வேண்டுகிறேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த எண் என் கையில் இருந்திருந்தால் முதல் நாளே கூடத்தையும் அறையையும் ஒப்பிட்டிருப்பேன். மூன்று பேர் வீணாக வந்து போயிருக்க மாட்டார்கள், நல்ல பாக்ஸ் ஒன்றைக் கெட்டது என்று கழற்றியிருக்கவும் மாட்டார்கள். ஆபரேட்டருக்கும் இதில் லாபமே.

கூடவே, கொடுக்கும் பாக்ஸ் எஸ்.டியா எச்.டியா, எந்தக் கம்பியில் இணைக்கப்பட்டது என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும். எல்லோருக்கும் எச்.டி கட்டாயம் என்று நான் கேட்கவில்லை. ஓர் எச்.டி சேனலை இரண்டு எஸ்.டி சேனலாகத் தங்கள் ஆணையே கணக்கிட்டது. அந்தச் செலவு வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் பல. தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்று தாங்களே தொடங்கிய வேலை. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் எந்த பாக்ஸும் பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தீர்கள். உள்ளேயே செயற்கைக்கோள் டியூனர் உள்ள தொலைக்காட்சிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐ.எஸ் 18112 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. படுக்கையறைக்குத்தான் இவற்றின் பயன் அதிகம்: கட்டில் ஓரத்தில் பாக்ஸ் வைக்க இடமில்லை, இரண்டு ரிமோட்டைக் கையாள முதியவர்களால் முடிவதில்லை. கேபிளுக்கும் அப்படி ஒரு வழி பிறக்குமா என்று தங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

இணையம் வழியாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு அது சரிப்படும். அம்மாவுக்குச் சேனல் எண் மனப்பாடம். மூன்று எண்ணை அழுத்தினால் தொடர் வர வேண்டும். அவர் கட்டும் பணம் அதற்குத்தான்.

நான்காவதாக வந்த பெரியவர், நான் கேட்டுக்கொண்டதற்காக, 43, 56, 53 என்ற மூன்று எண்களையும் ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அச்சிட்ட படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. ஆணையம் கேட்டால் அதன் நகலை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தஞ்சாவூர் மாவட்டத்துக் கேபிள் சந்தாதாரர் ஒருவர்