வீட்டுப்பாடம் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வாறு துணை நிற்கலாம் என்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, நாள்தோறும் ஒரு மணி நேரமாவது பிள்ளையின் அருகில் அமர்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது. மும்பைக்கு வெளியே உள்ள டோம்பிவிலியிலிருந்தோ கல்யாணிலிருந்தோ லோக்கல் ரயிலில் மும்பையின் கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வரை போய்த் திரும்பி, இரவு எட்டரைக்கு வீடு சேர்ந்து, அதன் பிறகு குக்கர் வைக்கும் ஒரு தாய்க்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? (பெற்றோர் என்று எழுதினாலும் நடைமுறையில் அது தாயைத்தான் குறிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

உண்மையில் அவ்வளவு நேரம் தேவையும் இல்லை. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் புத்தகப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தையும் அது தாண்டக்கூடாது என்றும் கூறுகிறது. நடப்பதோ வேறு. மாலையில் ரயில் குர்லாவைத் தாண்டும்போது பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது: நாளைக்குள் தெர்மாகோலில் எரிமலை செய்து அனுப்ப வேண்டுமாம். ஆறு வயதுக் குழந்தையால் அதை வெட்ட முடியாது. அம்மா வெட்டுகிறாள், குழந்தை தூங்கிவிடுகிறது.

பெற்றோர் செய்யக்கூடியது, அன்று படித்ததைப் பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பதுதான். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளை பின்னத்தின் வரையறையைப் பிழையின்றி ஒப்பித்துவிடும். ஆனால் மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டால், நான்கு பெரிய எண் என்பதால் நான்கில் ஒன்றுதான் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் பலர். அடுப்படியில் நின்றபடியே ஒரு தோசையை மூன்று பேருக்கும், அடுத்ததை நான்கு பேருக்கும் பங்கிடச் சொன்னால் சந்தேகம் அங்கேயே தீரும். இதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டுமொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை சொன்னாலும், மும்பையில் தமிழ்வழியில் படிக்கும் வாய்ப்பு மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடுவதால், மற்றப் பிள்ளைகள் தமிழில் யோசித்துப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் வீடுதான்.

மராத்தி தெரியாததால் உதவ முடியவில்லை என்று பலர் வருந்துகிறார்கள். 2020-இல் வந்த மகாராஷ்டிர மாநிலச் சட்டத்தால் எல்லாப் பள்ளிகளிலும் அது கட்டாயப் பாடமாகிவிட்டது. தெரியாததே ஒரு வசதி என்பேன். கடைப் பலகைகளையும் ரயில் நிலையப் பெயர்களையும் பிள்ளை படித்துக் காட்ட, திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டியும் அம்மாவும் கற்றுக்கொள்ளட்டும். பிறருக்குச் சொல்லித்தரும் பிள்ளைக்குத் தன் பாடம் எளிதில் மறக்காது. டியூஷனுக்கு அனுப்பி இரவு எட்டு மணி வரை அதே பயிற்சிகளை மறுபடி எழுத வைப்பதைவிட இது மேல்.

மேற்சொன்ன புத்தகப்பைக் கொள்கை சட்டமன்று என்பதால் பள்ளிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. ஆகவே அதன் வகுப்புவாரியான வீட்டுப்பாட வரம்புகளைத் தங்கள் இதழ் தமிழில் கட்டம் கட்டி வெளியிட்டால், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அதை வெட்டி எடுத்துச் செல்ல எங்களைப் போன்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டோம்பிவிலி (மும்பை அருகில்)