சாமையை மலையிலேயே அரிசியாக்குங்கள்

நாமக்கல் மாவட்ட ஆட்சியருக்கும் பழங்குடியினர் நலத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வல்வில் ஓரி விழாவுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு வருகிறீர்கள். அடுத்த முறை விழா நடக்கும் செம்மேட்டோடு திரும்பிவிடாமல் உள்ளே இருக்கும் சிற்றூர்களின் விவசாயக் காடுகளையும் பார்க்க வேண்டும்.

என் பாட்டி காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. கிழங்கைப் பிடுங்கிப் போட்டால் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். சாமைக்கு யார் வருகிறார்கள்? அதைவிடப் பெரிய காரணம் உரல். சாமை சின்ன மணி, உமியோ கெட்டி. ஒரு வேளைச் சோற்றுக்குக் குத்திப் புடைப்பதற்குள் தோள் விட்டுப்போகும், அதுவும் காட்டு வேலை முடித்து வந்த பிறகு. ரேஷன் அரிசி வந்ததும் பெண்கள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டார்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஆனால் மரவள்ளிக் காசைப் பார்க்கப் பத்து மாதம் ஆகிறது. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று 'பாயிண்ட்' பார்த்து, விலையைக் கீழே ஆலைகளில் முடிவு செய்கிறார்கள். பிடுங்கிய கிழங்கு நாலு நாள்கூடத் தாங்காது, அதனால் சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சாமை காத்திருக்கும். விலை இல்லையென்றால் வீட்டிலேயே கிடக்கட்டும், வருடக்கணக்கில் கெடாது. ஏழை வீட்டுக்கு இதைவிட நல்ல சேமிப்பு எனக்குத் தெரியவில்லை.

உமி நீக்கும் இயந்திரம் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதே மலையில் சுய உதவிக் குழுக்களோடு சேர்ந்து அதைச் செய்து காட்டியிருக்கிறது. எங்கள் ஊருக்கும் ஒரு இயந்திரம் வந்தது. மோட்டார் காயில் எரிந்தது, பழுது பார்க்க ஆள் இல்லை, இரண்டு மழைக்காலம் தார்ப்பாயின் கீழே கிடந்தது. அதனால் வெறும் இயந்திரம் மட்டும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு மின்சாரத்தில் ஓடக்கூடியதாகக் கொடுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் (இங்கே சில சிற்றூர்கள் சேர்ந்ததை நாடு என்போம்) இரண்டு பிள்ளைகளுக்கு அதைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுங்கள். அரைவைக் கூலியைப் பெண்கள் குழுவே வாங்கி, அதிலிருந்தே பழுதுச் செலவையும் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் கொள்முதல். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகை அரசு கொடுத்தது. அதேபோல மலையில் உமி நீக்கிய சாமை அரிசியைக் கூட்டுறவுச் சங்கம் வழியாக வாங்கி, மலைப் பள்ளிகளின் காலை உணவுக்கும் அங்கன்வாடிகளுக்கும் கொடுக்கலாம். மூட்டை கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டியதில்லை. லாரி வாடகை மிச்சம், உமி நீக்கும் கூலியும் இங்கேயே தங்கும்.

மரவள்ளியை ஒரேயடியாக விடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள், விடவும் முடியாது. பலருக்கு அதன்மேல் முன்பணக் கடன் இருக்கிறது. முதலில் வீட்டுக்கு அரை ஏக்கர் சாமைக்குத் திரும்பினால் போதும். கொள்முதல் விலையை வைகாசிக்குள் சொல்லிவிடுங்கள். ஆனி மழைக்கு விதைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
கொல்லிமலையில் பிறந்த ஒரு பெண்