எங்கள் கண்ணில் படாதவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள நுரையீரல் புற்றுநோய் சிகிச்சைக் குழுவினருக்கு,

வணக்கம். அம்மாவுக்குக் கீமோ முடிந்துவிட்டது, இனி தினம் ஒரு மாத்திரைதான். வார்டில் இருந்தபோதே நன்றி சொன்னோம். ஆனால் அது எதிரில் நின்றவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது. அம்மாவின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் அவருடைய சிகிச்சையைத் தீர்மானித்தவர்களும் உங்களில் பலர். இந்த மடல் முக்கியமாக அவர்களுக்கு.

விடாத இருமல், எக்ஸ்ரேயில் ஒரு நிழல், சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் மடலில் ஒரு கட்டி. அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, "உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துட வேண்டியதுதானே?" நீங்களோ பெட் ஸ்கேன், பயாப்ஸி, மூளைக்கு எம்ஆர்ஐ, மூச்சுத்திறன் பரிசோதனை என்று வரிசையாக எழுதிக் கொடுத்தீர்கள். எங்கள் பதற்றத்தைத் தாங்கிக்கொண்டவர் உங்கள் ஒருங்கிணைப்புச் செவிலியர். கட்டி என்ன வகை, எதுவரை பரவியிருக்கிறது, உடம்பு எதைத் தாங்கும், இந்த மூன்றும் தெரியாமல் கத்தியை எடுக்க மாட்டார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் சித்தப்பா அடங்கினார். எந்த நேரத்தில் போன் செய்தாலும் எடுத்துப் பேசிய அந்தக் குரலுக்கு முதல் நன்றி.

பெட் ஸ்கேனில் கட்டியோடு சேர்ந்து இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே இருந்த ஒரு நெறிக்கட்டியும் ஒளிர்ந்தது. அங்கே நோய் போயிருந்தால் மூன்றாம் நிலை என்று ஆகிவிடும், நேராக ஆபரேஷன் என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்றார்கள். அந்த ஸ்கேனுக்காக ஏற்றும் சர்க்கரை போன்ற மருந்தைப் புற்றுநோய் செல்கள் அதிகமாக இழுத்துக்கொள்ளும், சரி. ஆனால் பழைய அழற்சி இருக்கும் இடமும் அதே வேலையைச் செய்யுமாம். ஸ்கேனைப் படித்த கதிரியக்க மருத்துவர் அதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, நெறிக்கட்டியை ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்து உறுதிசெய்யச் சொல்லி எழுதியிருந்தார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. டியூமர் போர்டில் எல்லாத் துறை மருத்துவர்களும் கூடி உட்கார்ந்து பேசியதும் முதலில் அதைப் பற்றித்தானாம். உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது என்பதை எங்களிடம் மறைக்கவில்லை. எனக்கு அதுதான் நம்பிக்கை தந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர்கள் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும் கூட்டமாக இருந்திருந்தால் அம்மாவின் கதை வேறு திசையில் போயிருக்கும்.

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கி, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சுவரைத் தாண்டி நெறிக்கட்டியை ஊசியால் குத்தி எடுத்தீர்கள். அந்த அறைக்குள்ளேயே ஒருவர் மைக்ரோஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தாராம். எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்து, "போதாது, இன்னொரு தடவை எடுங்க" என்று அவர் சொன்னதைச் செவிலியர் பிற்பாடு எங்களிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அம்மா இன்னொரு நாள் வந்து மறுபடியும் மயக்க மருந்து வாங்கியிருப்பார். முடிவில் நெறிக்கட்டியில் இருந்தது வெறும் அழற்சிதான், புற்றுநோய் இல்லை. ஆபரேஷனுக்கு வழி திறந்தது.

திசுக்களைச் சோதித்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜி ஆய்வகத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கட்டியிலிருந்து சிடி உதவியோடு எடுத்த பயாப்ஸித் துண்டுகள் நூல் பிசிறு போல இருந்தன. அதை வைத்தே, சுரப்பிச் செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா என்று வகை பிரித்து, மரபணுப் பரிசோதனைக்கும் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது அதில்தான் தெரிந்தது. புகையே பிடிக்காத பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறதாம்.

அறுவை மருத்துவரிடம் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "ஒரு மடல் போயிட்டா மூச்சு விட முடியுமா?" வலப்பக்கம் மூன்று மடல்கள் உண்டு, மூச்சுத்திறன் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது, மீதி இரண்டு பார்த்துக்கொள்ளும் என்றார். அப்புறம் ஒரு கதையும் சொன்னார். 1933இல் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு புற்றுநோயாளியின் நுரையீரல் ஒன்றை முழுதாகவே எடுத்தார். அந்த நோயாளி கிரஹாமின் காலத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தார். கிரஹாம் 1957இல் இறந்ததும் நுரையீரல் புற்றுநோயால்தான் என்பதை அம்மாவிடம் சொல்லாமல், வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார். அந்த விவேகத்துக்கும் நன்றி.

ஆபரேஷன் முடிந்து நெஞ்சிலிருந்து இறங்கிய குழாய், தண்ணீர் உள்ள பாட்டிலில் குமிழி விட்டபடி இருந்தது. இருமும்போது குமிழி வருகிறதா என்று தினமும் பார்த்து, காற்றுக்கசிவு நின்ற பிறகே குழாயை எடுத்தீர்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் மட்டும் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. மூச்சுப் பயிற்சிக் கருவியில் அம்மா மூச்சை இழுத்து மூன்று பந்துகளையும் தூக்கும்வரை நகர மாட்டார். அம்மா அவரைத் திட்டிய திட்டெல்லாம் அவருக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே மறுநாளும் வருவார்.

வெட்டி எடுத்த நுரையீரல் மடலோடு சேர்ந்து வந்த வேறொரு சிறிய நெறிக்கட்டியில் நோய் இருந்ததால் இரண்டாம் நிலை என்றானது. அதனால்தான் கீமோ, அதன் பிறகு அந்த இஜிஎஃப்ஆர் மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை 3 ஆண்டுகளுக்கு. கீமோ பகுதியைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. வாந்தி வருவதற்கு முன்பே அதற்கான மருந்தைக் கொடுத்த உங்கள் முன்யோசனையால் நாங்கள் பயந்த அளவுக்கு அது இல்லை.

இன்னொன்று. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் பல வருடங்களாகப் புகைபிடித்தவர். அதை மறைக்காமல் சொன்னார். அம்மாவிடம் பேசிய அதே குரலில்தான் அவரிடமும் பேசினீர்கள். "நீங்களே வரவழைச்சுக்கிட்டது" என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. புகையை விட உதவும் ஆலோசனைக்கு அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்ததோடு சரி. இந்த நோய்க்கு வெளியில் கிடைக்கும் பேச்சுகளைக் கேட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது பேத்தாலஜி ஆய்வகத்தில் இருப்பவர்களை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா. உள்ளே விட மாட்டார்கள் என்றேன், கேட்டுப் பார் என்கிறார். வாசலில் நின்று பார்த்தாலும் போதுமாம். முடியுமா என்று செவிலியர் மூலமாகச் சொல்லி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்