அலியின் ஊரிலிருந்து அப்பாவுக்கு

லூயிவில்,
கென்டக்கி.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் செல்வியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் குறையத் தொடங்கிவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டையை இனி மடித்து வைத்துவிடலாம். வேலை இரவில்தான். நள்ளிரவில் சரக்கு விமானங்கள் வரிசையாக வந்து இறங்கும். பார்சல்களைப் பிரித்து, விடிவதற்குள் வேறு விமானங்களில் ஏற்றிவிட வேண்டும். அந்த விமான நிலையத்துக்கே 2019 முதல் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் பெயர்தான். தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன் என்று உங்கள் துறைமுக நண்பர்களிடம் சொல்லுங்கள்.

அவருடைய ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஒஹையோ ஆற்றங்கரை ஊர். பாலத்தைத் தாண்டினால் இந்தியானா மாநிலம். கிராண்ட் அவென்யூவில் அவர் வளர்ந்த இளஞ்சிவப்பு வீடு ராயபுரத்தில் நம் வீட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. 1954இல் இந்த ஊரில்தான் அவருடைய சைக்கிள் திருடு போனது. திருடனை அடித்து நொறுக்குவேன் என்று கொதித்த பன்னிரண்டு வயதுப் பையனிடம், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று சொன்னவர் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர். குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தையும் அவரே நடத்தி வந்தார். என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் 2016 ஜூன் மாதம் நடந்த இறுதி ஊர்வலத்தைத் தெருவில் நின்று பார்த்தவர். வண்டியின் மீது ஜனங்கள் பூக்களை எறிந்தார்களாம். நம் பக்கத்துச் சாவு ஊர்வலங்கள்தான் என் நினைவுக்கு வந்தன.

இடைவேளையில் நாங்கள் பேசுவதெல்லாம் அலியின் சண்டைகளைப் பற்றித்தான். எது சிறந்தது என்று கேட்டால், அந்தப் பெரியவரும் உங்களைப் போலவே ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் நடந்ததுதான் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை அப்பா. 1964 பிப்ரவரியில் மயாமி பீச்சில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல்.

அப்போது அலியின் பெயர் காசியஸ் கிளே, வயது 22. எதிரே அன்றைய உலக ஹெவிவெயிட் சாம்பியன் சன்னி லிஸ்டன்; முந்தைய சாம்பியன் ஃப்ளாய்டு பேட்டர்சனை இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே வீழ்த்தியவர். பந்தயம் கட்டியவர்கள் ஏழுக்கு ஒன்று என்று லிஸ்டன் பக்கம் நின்றார்கள். அந்த முதல் சுற்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கிளே கைகளைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார். முகத்தைப் பின்னால் இழுப்பதும் பக்கவாட்டில் நகர்வதும்தான் அவருடைய தற்காப்பு. லிஸ்டன் வீசும் குத்துகள் காற்றில் போகின்றன. நான்காவது சுற்று முடிந்ததும் கண்ணில் ஏதோ பட்டு எரிய, கையுறைகளை அறுத்துவிடச் சொல்லிக் கத்துகிறார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி கண்களைக் கழுவி, மேடை நடுவுக்குத் தள்ளிவிடுகிறார். ஐந்தாவது சுற்றில், பார்வை சரியாகத் தெரியாமலேயே, இடது கையை நீட்டித் தூரத்தை அளந்துகொண்டு, கால்களை மட்டுமே நம்பித் தப்பிக்கிறார். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை.

1966இல் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றுகளில் முடித்ததும் அதே கால்களின் வேலைதான். மறு ஆண்டு வியட்நாம் போருக்குப் போக மறுத்தார், சாம்பியன் பட்டத்தைப் பறித்தார்கள். மேடை ஏற முடியாமல் மூன்றரை ஆண்டுகள். போருக்குப் போக மறுத்ததற்கு விதித்த தண்டனையை 1971இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? திரும்பி வந்தவரிடம் அந்தக் கால்கள் இல்லை.

இனி உங்கள் கின்ஷாசா. 1974 அக்டோபர் 30, விடியாத நேரம், அலிக்கு 32 வயது, அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு 25. முந்தைய சாம்பியன் ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் சாய்த்தவர் அந்த ஃபோர்மேன். இரண்டாம் சுற்றிலிருந்தே அலி கயிற்றில் சாய்ந்துகொண்டார். வெளியே வா என்று டண்டி கத்தியும் கேட்கவில்லை. ஃபோர்மேன் கை ஓயும் வரை அடிகளை வயிற்றிலும் தோளிலும் வாங்கினார். எட்டாவது சுற்றில் ஃபோர்மேன் சுழன்று விழும்போது, ஓங்கிய வலது கையை அலி இறக்காமல் நிறுத்திக்கொண்டார் பாருங்கள், அந்த ஒரு கணத்துக்காக உங்கள் கட்சிக்கு வந்துவிடலாம் போல இருக்கும். ஆனாலும் அந்த அடிகளை நான் மறக்க மாட்டேன்.

1975இல் மணிலாவில் நடந்த சண்டையை இன்னொரு முறை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. புழுங்கும் வெப்பத்தில் ஃப்ரேசியரும் அலியும் பதினான்கு சுற்றுகள். கண்கள் வீங்கி மூடிய ஃப்ரேசியரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் மேலும் அனுப்ப மறுத்துவிட்டார். அதற்கு முன் ஃப்ரேசியரை அலி குரங்கு என்று ஏசியதை என்னால் ஏற்கவே முடியாது. குத்துச்சண்டை உரிமம் இல்லாமல் தவித்த காலத்தில் அலிக்காகப் பேசியவர் அந்த மனிதர்.

அலி வாங்கிய அடிகளை நினைத்து நான் வருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1980இல் நீங்கள் சென்னை நேரு ஸ்டேடியத்தில், எம்.ஜி.ஆர். முன்னிலையில் பார்த்த அலி, ஓய்வை அறிவித்துவிட்டவர். அன்று அவரோடு காட்சிச் சண்டை போட்ட ஜிம்மி எல்லிஸும் இதே லூயிவில்காரர்தான். 1971இல் இருவரும் உண்மையாகவே மோதி, அலி வென்றார். சென்னையோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் வேகாஸில் சாம்பியன் லாரி ஹோம்ஸ் எதிரே மறுபடி நின்றார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய பிறகு டண்டியே நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். நான்கே ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் என்ற செய்தி வந்தது.

அதனால் எனக்கு ஒரு விவரம் தெரிய வேண்டும் அப்பா. அன்று நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்? அலி காலை மாற்றி மாற்றி ஆடினாரா, அல்லது நின்ற இடத்திலேயே நின்று எல்லிஸோடு விளையாடினாரா? இங்கே பெரியவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கூட வந்த உங்கள் நண்பர்களையும் கேட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள்.

செல்வியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். வங்கியில் வந்துவிட்டதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்,
குமார்