தட்டை மாற்று, மெஷினைத் திருப்பிக் கொடுக்காதே

பெரம்பூர்,
சென்னை.

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காய்கறி, பருப்பு, தானியம் என்று மாறப்போவதாகச் சொன்னாய். சந்தோஷமாக இருந்தது. அடுத்த வார்த்தையே, அப்படி மாறினால் தூக்கத்தில் மூச்சு நிற்பது தானாகச் சரியாகிவிடும், வாடகைக்கு எடுத்த, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்துகிற சிபாப் மெஷினை மாசக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாய். அங்கேதான் எனக்குப் பதறிப்போனது. அம்மா பக்கத்திலேயே இருந்ததால் போனில் ஒன்றும் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நீ சொன்னது வெறும் வாட்ஸ்அப் பேச்சு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள், அமெரிக்க அரசு எடுக்கும் உணவு, உடல்நலக் கணக்கெடுப்பிலிருந்து 14,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசி 2024-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். காய், பழம், முழுத்தானியம், பயறு, கொட்டை வகைகளை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் தொந்தரவு வரும் வாய்ப்பு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 19 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. எல்லாம் செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் தீட்டிய மாவு, சர்க்கரை, இனிப்புப் பானம், உப்பு தூக்கலான பண்டம் என்று சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு 22 சதவீதம் அதிகம். உன் ஆபீஸ் வாசலில் விற்கிற வடா பாவிலும் சாபுதானா வடையிலும் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. நம் தெருமுனைக் கடை பஜ்ஜியும் அப்படித்தான். கறியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைத்தால் இருப்பதும் கெடும்.

அந்த ஆய்வில் யாரையும் படுக்க வைத்து ராத்திரி முழுக்கப் பதிவு எடுக்கவில்லை. குறட்டை, பகல் அசதி, ரத்த அழுத்தம், எடை, வயது என்று கேட்டு யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று கணித்தார்கள். இப்படிச் சாப்பிட்டதால்தான் குறைந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நல்ல திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

என் குறட்டையை நீ சின்ன வயசிலிருந்து கேட்டவள். அது நின்றுபோகிற நேரத்தை அம்மாதான் பார்த்திருக்கிறாள். சத்தம் அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்ப்பாளாம். வயிறு மட்டும் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருக்கும், மூக்குக்குக் கீழே விரலை வைத்தால் காற்றே இருக்காது. அப்புறம் உடம்பு தூக்கிப்போட்ட மாதிரி ஒரு இழுப்பு, மறுபடியும் குறட்டை. காலையில் எனக்கு ஒன்றும் நினைவிருக்காது. தலை கனக்கும், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழையும்போதே கண் செருகும். நம் தொண்டைக் குழாயைச் சுற்றித் தாங்கிப்பிடிக்க எலும்பு கிடையாது, சதைதான். தூக்கத்தில் அது தளரும், நாக்கு பின்னால் சரியும், வழி அடைபடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை அலறி எழுப்பிவிடும். ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலோ, ரொம்பக் குறைந்தாலோ ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். உன் ரிப்போர்ட்டில் மணிக்கு 22 தடவை என்று இருக்கிறது.

உனக்குக் குறட்டை பெரிதாக இல்லை என்பதால் நீ இதை லேசாக எடுத்துக்கொள்கிறாய் என்று தோன்றுகிறது. பெண்களுக்குப் பல நேரம் இது காலைத் தலைவலியாகவும், தீராத அசதியாகவும், எரிச்சலாகவும்தான் வெளியே தெரியும். வேலைப் பளு, மன அழுத்தம் என்று மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். உனக்கு பி.சி.ஓ.எஸ். என்கிற ஹார்மோன் கோளாறு வேறு இருக்கிறது, அதோடு இந்த நோய் சேர்ந்து வருவது சகஜம். தைராய்டு குறைவாக இருந்தாலும் தொண்டை அடைப்பு கூடும். தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்து நாளாகிவிட்டதென்றால் ஒரு தடவை பார்த்துவிடு.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2000-இல் எழுதியது இது: எடை 10 சதவீதம் குறைந்தால், மூச்சு நிற்கிற எண்ணிக்கை சராசரியாக 26 சதவீதம் குறைகிறது. 10 சதவீதம் ஏறினால் 32 சதவீதம் கூடுகிறது. நீ 78 கிலோ. கஷ்டப்பட்டு 70-க்கு வந்தாய் என்றே வைத்துக்கொள். 22 என்பது 16 ஆகும். மணிக்கு 15-க்கு மேல் என்றால் நோய் இன்னும் நடுத்தரத் தீவிரத்தில்தான் இருக்கிறது பாப்பா. சாப்பாடு கொஞ்ச தூரம் கொண்டுவந்து விடுகிறது, மீதித் தூரத்துக்கு மெஷின் வேண்டும். எடை குறையக் குறைய நாக்கில் சேர்ந்திருக்கும் கொழுப்பும் குறைகிறது, நோய் இளகுவதற்கு அதுதான் முக்கியமான காரணம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2020-இல் சொன்னார்கள். ஆனால் நாக்குக் கொழுப்பு ஒரே மாசத்தில் கரையாது. அது கரைகிறவரைக்கும் ராத்திரிக்கு உனக்கு யார் காற்று கொடுப்பார்கள்?

மெஷினை விட்டவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினில் கிரனாடாவில் 89 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2022-இல் முடிவு வந்தது. எட்டு வாரம் சாப்பாடு, உடற்பயிற்சி, தூக்கப் பழக்கம், மது சிகரெட் நிறுத்தம் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்கள். எண்ணிக்கை பாதிக்குப் பாதி இறங்கியது, பல பேருக்கு மெஷினே தேவைப்படவில்லை. அதை முடிவு செய்தது மறுபடி எடுத்த தூக்கப் பரிசோதனை. நீயும் அப்படியே செய். எடை இறங்கட்டும், திரும்ப டெஸ்ட் எடு, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அப்போது நானே வந்து மெஷினைப் பெட்டியில் கட்டித் தருகிறேன்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம், அதில் எனக்கு ஆசை அதிகம். ரிட்டையர் ஆனதிலிருந்து மார்க்கெட் வேலை என்னுடையதுதான் என்று உனக்குத் தெரியும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. எடை போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்று புரியும். நாம் சோற்றுக்கு ஓரமாக வைக்கிற பொரியல் எந்த மூலைக்கும் போதாது. தட்டில் பாதி காயாக இருக்க வேண்டும். இங்கே இப்போது முதலில் அவரைக்காயும் கீரையும் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் சோறு கேட்கிறேன். வாழைத்தண்டு நறுக்கும்போது நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, தண்டை மோரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். நீ மோரும் வேண்டாம் என்பதால் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடு. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று ஊரே சொல்கிறது. எனக்குத் தெரிந்தது, கொள்ளுத் துவையல் இருந்தால் இரண்டாவது கரண்டி சோறு தேவைப்படாது. பயறும் நாரும் வயிற்றில் நிற்கும், அதுதான் அதன் வேலை. முளைகட்டிய பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை சுண்டல், ராகி அடை எல்லாம் உன்னால் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் செய்ய முடியும்.

உப்பில் கவனம் வை. பகலெல்லாம் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்குக் காலில் நீர் கோக்கும். படுத்ததும் அதில் ஒரு பங்கு கழுத்துப் பக்கம் நகர்ந்து தொண்டையை இன்னும் நெருக்கும். ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் இதற்குத் தூபம் போடும். நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் போகாதே. ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூணு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடு, நெஞ்சு கரிப்பும் தூக்கத்தைக் கெடுக்கும்.

பால்கூட வேண்டாம் என்று முழுக்க விட்டால் பி12 மாத்திரை கண்டிப்பாகப் போட வேண்டும். காய்கறி, தானியத்தில் அது கிடையாது. பி12 இறங்கினாலும் அசதி வரும், அப்புறம் எது எதனால் என்றே தெரியாமல் போகும். என்னைக் கேட்டால் அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. நானே மாசத்தில் ஒன்றிரண்டு தடவை காசிமேட்டு மீன் சாப்பிடுகிறேன். நீ மனசாரத் தீர்மானித்திருந்தால் அதையும் மதிக்கிறேன்.

மாஸ்க் மூக்குத்தண்டில் தழும்பு போடுகிறது என்றாயே, அதற்காகத்தான் மெஷின் மேல் உனக்கு வெறுப்போ என்று யோசித்தேன். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்கார்கிற சின்ன மாஸ்க் கிடைக்கிறது, மூக்குத்தண்டைத் தொடாது. எனக்கும் அதுதான் ஒத்துவந்தது. கடையில் கேட்டு மாற்றிப் போட்டுப் பார். ஒருக்களித்துப் படு.

அம்மா கறிவேப்பிலைப் பொடியும் வறுத்த கொள்ளும் கட்டி வைத்திருக்கிறாள், நாளைக்கு கூரியரில் போடுகிறேன். மாசக் கடைசிக்கு முன்னால் வாடகைக்காரருக்குப் போன் பண்ணி இன்னும் மூணு மாசத்துக்கு நீட்டிக்கச் சொல். பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன். பழைய ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அடுத்த டெஸ்ட் வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா